ஆள் துணை கேட்காத திரை

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நாம் எல்லோரும் நாள்தோறும் தொட்டுப் புழங்கும் திரைகள். ரேஷன் கடை மெஷினின் திரை, ஏடிஎம் திரை, பணம் அனுப்பும் செல்போன் திரை, பட்டா சிட்டா எடுக்கும் திரை. இவற்றில் எது நல்லது, எது மோசம் என்று எப்படி அளப்பது? யாரை வைத்து அளப்பது? எங்கே வைத்து அளப்பது? இந்த மூன்று கேள்விகளுக்குள் என் பேச்சு அடங்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு வைக்கிறேன். ஒரு திரை யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர், பக்கத்தில் ஆள் துணை தேடாமல் தன் வேலையை முடித்துக்கொண்டு போனால் அது நல்ல திரை. அவர் பேரனைக் கூப்பிட வேண்டியிருந்தால், முன்பின் தெரியாதவரிடம் போனை நீட்ட வேண்டியிருந்தால், இ-சேவை மைய வாசலில் அரைநாள் நிற்க வேண்டியிருந்தால், அங்கே தோற்றது திரை.

ஆனால் நம் ஊரில் நாம் நாள்தோறும் கேட்பது என்ன? "எனக்கு என்னங்க தெரியும், நான் படிக்காதவ." "நமக்கு இதெல்லாம் வராது தம்பி, நீயே போட்டுக் குடு." தவறு தன்னுடையது என்று திரைக்கு முன்னால் நிற்பவரே ஒப்புக்கொண்டு விடுகிறார். இதைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். களைக்கொத்தின் பிடி கையில் கொப்புளம் போட்டால் உங்கள் கை சரியில்லை என்று எந்தத் தச்சரும் சொன்னதில்லை. பிடியை வாங்கி இழைத்துக் கொடுப்பார். கலப்பைக்கு மேழி போடும்போது உழுகிறவரின் உயரத்தைப் பார்த்துத்தான் போடுவார். கருவி ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பது நம் ஊர்த் தொழில்களில் கேள்வியே இல்லாத நியாயம். அதே நியாயம் கண்ணாடித் திரைக்கு மட்டும் ஏன் இல்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் எழுத்தறிவு 74.32 விழுக்காடு, அரியலூரில் 71.34 விழுக்காடு. அதாவது அந்தக் கணக்கு எடுத்தபோது நான்கில் ஒருவருக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்காதவர். இந்த நான்கில் ஒருவர் திடீரென்று முளைத்தவரல்லர். திரையை வடிவமைத்தவர் மேசைக்கு வருவதற்கு முன்பே, எல்லோரும் பார்க்கும்படி அந்தக் கணக்கு அச்சாகி இருந்தது. அவரை எண்ணாமல் செய்த திரை, கணக்குத் தப்பிச் செய்த திரை.

முதலில் ரேஷன் கடைக்குப் போவோம். தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் நம் மாநிலம் 2020 அக்டோபரில் சேர்ந்தபோது கைரேகை வைக்கும் முறையும் வந்தது. அட்டையில் பெயருள்ள ஒருவர் விரலை வைக்க வேண்டும், ரேகை ஆதாரோடு பொருந்த வேண்டும், அப்புறம்தான் அரிசி. அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் நம் இரண்டு மாவட்டங்களில் எத்தகைய கைகள் வந்து அழுந்துகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் புழங்கிய கை. சிமெண்ட்டில் ஈரம் பட்டால் காரம் கிளம்பும், அது தோலைத் தின்னும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்த கை. அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் கறுத்து, வெந்து, உரியும். பெரம்பலூர்க் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து, மக்காச்சோளக் கதிர் ஒடித்து, சின்ன வெங்காயம் அரிந்த கை. அதோடு வயது சேர்ந்தால் ரேகையின் மேடும் பள்ளமும் தேய்ந்து வழுவழுத்துப் போகும். ஒரு பெண்மணி விரலை வைக்கிறார், "ரேகை விழல" என்கிறார் விற்பனையாளர். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், மறுபடியும் விழவில்லை. அடுத்த விரல், அடுத்த கை. இதில் அந்தப் பெண்மணியின் பிழை எது? ஒரு நாள் முழுக்க உழைத்ததா? உழைத்த கையை அடையாளம் தெரியாத கருவியை உழைப்பாளிகள் வாழும் ஊருக்கு அனுப்பியதுதான் பிழை. இது பிழைதான் என்பதை நடைமுறையும் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் கடைகளில் கருவிழிக் கருவிகள் சேர்க்கப்பட்டன. முதியவர்களும் நடமாட முடியாதவர்களும் தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் வந்தது. நல்ல மாற்றங்கள், வரவேற்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். முந்திரி உடைக்கும் ஐந்து பெண்களின் விரலை முதல் நாளே வைத்துப் பார்த்திருந்தால் இவையெல்லாம் முதல் நாளே வந்திருக்காதா?

ஏன் ஐந்து பேர் என்றேன்? திரைகளை அளப்பதற்கென்று உலகில் ஒரு முறையே வளர்ந்திருக்கிறது. ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரம் 1998-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது. அதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால் மூன்று கேள்விகள்: வேலை முடிந்ததா? முடிக்க எவ்வளவு பாடு பட்டார்? முடித்தபின் மனம் நிறைந்ததா? அந்தத் தரம் இன்னொன்றையும் வலியுறுத்துகிறது. இன்ன மக்கள், இன்ன வேலைக்காக, இன்ன சூழலில் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லாமல் ஒரு கருவியை எளிது என்று சொல்லக் கூடாது. ஆகவே சென்னையில் குளிர்பதன அறையில் ஒரு பொறியாளர் கையில் எளிதாக இருந்தது என்பது, வெயிலில் நின்று கண் கூசப் பார்க்கும் குன்னத்து விவசாயிக்கு எளிது என்பதற்குச் சான்று ஆகாது. யாக்கோப் நீல்சன் என்ற அறிஞர் 1990-களில் செய்த ஆய்வுகளிலிருந்து ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து பேரை உட்காரவைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்தால், இருக்கிற கோளாறுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளியே வந்துவிடும். ஐந்தே பேர்! ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐவரும் ஒரே வகைப் பயனாளிகளாக இருக்க வேண்டும். விவசாயிகளில் ஐவர், முந்திரித் தொழிலாளிகளில் ஐவர், தனியாக வாழும் முதியோரில் ஐவர் என்று வகைக்கு ஐவர் வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். இடையில் உதவக் கூடாது. உதவாமல் இருப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம். கை தானாக நீளும், அடக்க வேண்டும்.

அந்த முறையோடு பட்டா சிட்டா திரைக்கு வாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண், உட்பிரிவு எண். நிலம் வைத்திருப்பவருக்கு இது பழகிய வரிசை, இதில் குறையில்லை. அடுத்து நிற்கிறது "அங்கீகார மதிப்பு". இந்தச் சொல்லைக் காட்டிலோ களத்திலோ யாராவது பேசியிருக்கிறோமா? கோணலாகக் காட்டும் எழுத்துகளைப் பார்த்துக் கீழே அப்படியே அடிக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பெயர். "மேலே தெரிகிற எழுத்தை இங்கே அடிக்கவும்" என்று போட்டால் எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கடந்துவிடுவார். அதையும் கடந்து பட்டா கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு என்ற இடத்தில் ஹெக்டேர், ஏர் என்ற கணக்கில் 0 - 40.50 என்று இருக்கிறது. நம் ஊரில் யார் ஹெக்டேரில் நிலம் வாங்குகிறார்கள்? ஏக்கர், சென்ட் என்றுதான் பேச்சு, விலை, வழக்கு எல்லாம். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். அப்படியானால் அந்த 40.50 என்பது ஒரு ஏக்கர். தன் ஒரு ஏக்கர் புன்செய் முழுசாக இருக்கிறதா, பத்து சென்ட் குறைந்துபோயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அந்தத் தாளை எடுத்தார். அந்த ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் போகிறது. வருவாய்த் துறை மெட்ரிக் அளவை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி ஏக்கர், சென்ட்டிலும் வேண்டும் என்கிறேன். பெருக்கல் கணக்கைக் கணினி செய்யட்டும், அது செய்து களைத்துப் போகாது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ஆங்கிலத்தில் வடிவமைத்து மொழிபெயர்த்துக் கொடுப்பவர் காண்பதேயில்லை. ஆங்கிலத்தில் ஏவல் வினை முன்னால் வரும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த சின்னப் பொத்தானில் தமிழைப் போட்டால் இடம் போதாமல் வால் வெட்டுப்படும். "விண்ணப்பத்தைச் சேமிக்கவும்" என்று ஒரு பொத்தான், "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்று பக்கத்தில் ஒரு பொத்தான். வெட்டிய பிறகு இரண்டிலும் மிஞ்சுவது "விண்ணப்பத்தைச்…" மட்டும். எதை அமுக்குவது? செய்ய வேண்டிய செயலே காணாமல் போய்விட்டது. "சேமி", "அனுப்பு" என்று இரண்டு சின்னச் சொற்கள் போதாதா? தமிழில் இருக்கிறது என்பது வேறு, தமிழில் வேலை செய்கிறது என்பது வேறு. "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்ற வரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டோம் என்று பொருளா, ஒப்புதல் தந்துவிட்டோம் என்று பொருளா? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த தாய், கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். மாதக்கணக்கில் காத்திருப்பார். உண்மையில் மனு மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. அங்கே ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கென இருந்த விளக்கு அணைந்திருந்ததால், வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியதோ வேறொன்று. வால்வை மூடும்படி கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அது காட்டியது. மூடச் சொல்லியாயிற்று, மூடியாயிற்று என்ற இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைப் பலகை சொல்லவில்லை. உலையின் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலைக்கருவில் ஏறத்தாழப் பாதி உருகியது. அங்கே நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? பயிற்சி பெற்ற வல்லுநர்கள்! வல்லுநரையே தவறாக நம்பவைக்கும் பலகை, உடையார்பாளையத்துப் பாட்டியை நம்பவைக்காதா?

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: படிக்காதவர்களுக்கு எந்தத் திரையும் கடினம்தான், அவர்கள் பழகட்டும், திரையைக் குறை சொல்லாதீர்கள் என்பது. இதற்கு விடை நம் வாக்குச்சாவடியில் இருக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே தமிழ்நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு மாறிவிட்டது. அந்த இயந்திரத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். வேட்பாளர் பெயர், பக்கத்தில் சின்னம், இப்போது புகைப்படமும். நேராக ஒரு நீலப் பொத்தான். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு பீப் ஒலி கேட்கிறது. பக்கத்துக் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு வினாடி தெரிந்து விழுகிறது. படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம் இருக்கிறது. கண் மங்கியவருக்கு ஒலி இருக்கிறது. பதிந்ததா என்ற ஐயம் உள்ளவருக்குச் சீட்டு இருக்கிறது. ரேஷன் கடையில் "எனக்கு என்னங்க தெரியும்" என்ற அதே அம்மா, அங்கே அட்டை மறைப்புக்குள் தனியாகப் போய், தான் நினைத்த பொத்தானை அமுக்கிவிட்டு நிமிர்ந்து வருகிறார். ஆள் அதே ஆள். மாறியது எது? வாக்களிப்பது ஒரே ஒரு பொத்தான், பட்டா மாறுதல் பல படிகள், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடலாகாது என்பது ஓரளவு உண்மை. எல்லா வேலையையும் ஒரு பொத்தானுக்குள் அடக்க முடியாது. ஆனால் அந்த இயந்திரம் கடைப்பிடித்த மூன்று வழக்கங்களைப் பல படிகள் உள்ள திரையும் கடைப்பிடிக்கலாம்: படத்தால் காட்டு, ஒலியால் உறுதி சொல், நடந்தது நடந்ததா என்று கண்ணுக்குத் தெரியவை. கடைகளில் இருக்கும் ஒலிப்பெட்டி "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்கிறதே, வெங்காயம் நிறுத்துக்கொண்டிருப்பவர் கையைத் துடைத்து போனை எடுக்காமலே பணம் வந்ததை அறிகிறாரே, அது இரண்டாவது வழக்கத்துக்கு நல்ல சான்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. எளிதாக்கினால் திருடனுக்கும் எளிதாகிவிடும், பாதுகாப்பு வேண்டுமென்றால் சிரமப்படத்தான் வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். யுபிஐ-யில் "பணம் கேட்கும் கோரிக்கை" என்று ஒரு வசதி இருந்தது. மோசடிக்காரர் கோரிக்கை அனுப்பிவிட்டு, "உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பர் போட்டால் ஏறிவிடும்" என்பார். திரையில் ஒரு தொகை, ஒரு பொத்தான், பின் நம்பர் கட்டம். பணம் வரப்போகிறது என்று நம்பியவர் நம்பரைப் போட்டார், பணம் போய்விட்டது. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பின. அறிவுரை போய்க்கொண்டே இருந்தது, ஏமாறுவதும் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே நிறுத்திவிட்டது. ஏமாற்றுக்கு இடம் கொடுத்த ஒரு கதவை எடுத்ததில் பாதுகாப்பும் கூடியது, எளிமையும் கூடியது. சிரமம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. தன்னால் போட முடியாத பின் நம்பரைத் தெரிந்த பையனிடம் சொல்லி ஏடிஎம்முக்கு அனுப்புகிறாரே ஒரு பெரியவர், அந்தப் பூட்டின் சாவி எத்தனை கைகளில் இருக்கிறது?

இந்தக் கேள்விதான் மூன்றாவது மறுப்புக்கும் விடை. வீட்டுக்கு ஒரு பிள்ளை படித்திருக்கிறது, ஊருக்கு ஒரு இ-சேவை மையம் இருக்கிறது, பிறகென்ன குறை என்கிறார்கள். இ-சேவை மையங்களில் பணிபுரிவோர் பலர் பொறுமையோடு உழைக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் துணை என்பது வேண்டுவோர் தேடிக்கொள்வதாக இருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் தேடுவதாக இருக்கக் கூடாது. விதவை உதவித்தொகை எவ்வளவு ஏறியது, நகையை எந்த வங்கியில் வைத்தார், நிலத்தில் யார் பெயர் சேர்ந்தது என்பதெல்லாம் மூன்றாம் மனிதர் வாய்வழியாகத்தான் ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டுமா? நூறு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செயலி வழியாகவே என்று ஆனது. காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். ஏரியில் மண் வெட்டிய பெண் அந்தத் திரையைத் தொடவே இல்லை. தொட்டவர் பணித்தளப் பொறுப்பாளர். படம் ஏறாவிட்டால் கூலியில் விழும் அடி மட்டும் மண் வெட்டியவருக்கு. ஆகவே ஒரு திரையை அளக்கும்போது அதைத் தொடுபவரை மட்டும் கேட்டால் போதாது, அது யார் வயிற்றைத் தொடுகிறது என்றும் கேட்க வேண்டும். இதை வெறும் வசதி பற்றிய பேச்சாக இனி யாரும் ஒதுக்கிவிட முடியாது. அமிலவீச்சில் கண் பாதிக்கப்பட்டு, கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புத் திரையைக் கடக்க முடியாதவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்ட முடியாதவருக்கு மாற்று வழி வேண்டுமென்றால், ரேகை தேய்ந்தவருக்கு வேண்டாமா?

செலவு ஆகுமே என்பது மிச்சமுள்ள மறுப்பு. அதற்கு நீண்ட விடை தேவையில்லை, வகைக்கு ஐந்து பேர் என்று முன்பே சொல்லிவிட்டேன், அதற்கு ஒரு பிற்பகல் போதும். நம் இரண்டு மாவட்டங்களிலும் பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் மாணவர்கள் திட்டப்பணி என்ற பெயரில் ஒரு புதுச் செயலியை எழுதிக் கட்டுகிறார்கள். புதிதாக ஒன்றை எழுதுவதற்குப் பதிலாக, இருக்கிற ஒன்றை அளந்து பாருங்கள் என்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரைக் கேட்டுக்கொள்கிறேன். ரேஷன் போடும் நாளில் ஆண்டிமடத்தில் ஒரு கடை. சந்தை நாளில் வேப்பந்தட்டையில் ஓர் இ-சேவை மையம். அனுமதி கேட்டு, ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை பேர் துணையில்லாமல் முடித்தார்கள்? எந்தத் திரையில் விரல் நின்றது? எந்தச் சொல்லைப் பார்த்துப் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்? எத்தனையாவது விரலில் ரேகை விழுந்தது? பெயர் எழுத வேண்டாம், ஆதார் எண் எழுத வேண்டாம், தடுமாறிய இடத்தை மட்டும் எழுதுங்கள். எழுதியதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு படி, அந்தத் திரையைச் செய்த துறைக்கு ஒரு படி அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே கடைக்கு, அதே மையத்துக்கு, அதே கடிகாரத்தோடு மறுபடி போய் அளந்து பாருங்கள்.